அளந்த எண்ணும் எதிர்பார்த்த எண்ணும்

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பாடசாலையில் விஞ்ஞான ஆசிரியரின் இடம் மாதக்கணக்கில் வெறுமையாகக் கிடந்தது. மலையகத்துத் தமிழ்ப் பாடசாலைகளை அறிந்தவர்களுக்கு இது புதிய செய்தியன்று. தமிழ் கற்பிப்பவனாகிய நான், பிள்ளைகள் சத்தமிடாமல் இருக்கவேண்டும் என்ற ஒரே நோக்கத்துக்காக, ஒன்பதாம் தரத்தின் செய்முறைப் பாடவேளைக்கு அனுப்பப்பட்டேன். அன்றைய வேலை மிக எளியது. முகவையில் நீரைக் கொதிக்கவைத்து, வெப்பமானியைப் பிடித்து, நீர் கொதிக்கும் வெப்பநிலையைக் குறிப்பேட்டில் எழுதவேண்டும். அவ்வளவுதான்.

ஒரு மாணவி 98 என்று எழுதினாள். பிறகு பாடநூலைப் பார்த்தாள். அழிப்பானை எடுத்து 98-ஐ அழித்துவிட்டு 100 என்று எழுதினாள். நான் காரணம் கேட்டேன். “வெப்பமானி பழசு, சேர். பிழையாகக் காட்டுது” என்றாள். மற்றக் குழுக்களின் குறிப்பேடுகளைப் பார்த்தேன். எல்லாவற்றிலும் 100. ஒரு குறிப்பேட்டில் மட்டும் 98 அழிக்கப்பட்ட தடம் காகிதத்தில் இலேசாகத் தெரிந்தது. நானும் வெப்பமானியையே குற்றவாளியாகக் கருதி, அந்தப் பாடவேளையை முடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

தேநீர் இடைவேளையில் கணித ஆசிரிய நண்பரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். கண்டி கடல்மட்டத்துக்கு மேலே ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. உயரம் கூடக்கூட வளியின் அமுக்கம் குறைகிறது; அமுக்கம் குறைந்தால் நீர் முந்திக் கொதிக்கிறது. கண்டியில் நீர் கொதிப்பது 98 பாகைக்குச் சற்று மேலே. நுவரெலியாவிலோ 94 பாகையளவில். பழைய வெப்பமானி உண்மையைத்தான் சொன்னது. அந்தப் பிள்ளை அளந்தது கண்டியை, எழுதியது கடற்கரையை.

அன்றிலிருந்து ஒரு கேள்வி என்னை விடவில்லை. தன் கண்ணால் கண்ட எண்ணை ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளை இவ்வளவு எளிதாக, இவ்வளவு பணிவுடன் அழிப்பதற்கு எங்கே கற்றுக்கொண்டாள்? அழித்தபோது அவள் முகத்தில் வருத்தமில்லை. ஒரு பிழையைத் திருத்திய நிம்மதி இருந்தது. நாம்தான் அந்த நிம்மதியைக் கற்பித்திருக்கிறோம். புள்ளி 100-க்குக் கிடைக்கும், 98-க்குக் கிடைக்காது.

எதிர்பார்த்ததும் அளந்ததும் முரண்படும்போது எதை நம்புவது என்ற இந்த வினா தமிழுக்குப் புதியதன்று. நாம் இன்று நீட்டலையும் முகத்தலையும் குறிக்க வழங்கும் ‘அளவை’ என்ற சொல்லையே நம் முன்னோர், அறிவு பெறும் வாயிலுக்கும் பெயராக வைத்தனர். காண்டல், கருதல், உரை என்பன அளவைகள். மணிமேகலையில் அளவைவாதி பத்து அளவைகளை அடுக்குகிறான். அறவண அடிகளோ பௌத்த மரபின்படி காட்சி, கருத்து ஆகிய இரண்டே போதும் என்கிறார். சிவஞான சித்தியார் அளவையைப் பற்றிய விளக்கத்துடனேதான் தொடங்குகிறது. கடவுளை நிறுவுவதற்கு முன்னே, எதைக் கொண்டு எதையும் நிறுவலாம் என்று கேட்ட மரபு அது. அந்த மரபின் முடிவுகளை நாம் ஏற்காமலிருக்கலாம். கேள்வியின் ஒழுங்கை ஏற்கத்தான் வேண்டும்.

மணிமேகலையில் அறவண அடிகள் எடுத்துக்காட்டும் தருக்கப் போலிகளுள் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. எழுவது ஆவியோ பனியோ என்ற ஐயம் தீராமலே, அதைப் புகையென்று கொண்டு, அங்கே நெருப்புண்டு என்று துணிவது. ஹந்தானை மலையின் காலைப் பனியைக் கீழிருந்து பார்க்கிறவர்களுக்கு இந்தப் பிழை எவ்வளவு இயல்பானது என்று விளக்கவேண்டியதில்லை. புகைக்கும் நெருப்புக்கும் உள்ள தொடர்பு பற்றிய கணக்கு முற்றிலும் சரி. ஆனால் கண்டது புகையன்று.

இந்த வினா இன்று மிகக் கூர்மையாக எழுந்து நிற்கும் இடம் எங்கள் வகுப்பறையிலிருந்து வெகுதொலைவில், பூமியின் முனைகளுக்கு மேலே, படை மண்டலத்தில் இருக்கிறது. அதை விளங்கிக்கொள்ள முதலில் அந்த மண்டலம் எவ்வாறு கண்டறியப்பட்டது என்று பார்க்கவேண்டும். மேலே செல்லச்செல்லக் குளிர் கூடிக்கொண்டே போகும் என்பதுதான் பத்தொன்பதாம் நூற்றாண்டின் எதிர்பார்ப்பு. பிரான்சில் தெய்ஸ்ரங் த போர் என்பவர் வெப்பமானி கட்டிய பலூன்களை மேலே அனுப்பியபோது, ஏறத்தாழ 11 கிலோமீற்றருக்கு மேலே வெப்பநிலை குறைவது நின்றுவிட்டது. அவர் உடனே கொண்டாடவில்லை. சூரியன் தன் கருவியைச் சுட்டு ஏமாற்றுகிறதோ என்று ஐயுற்றார். பலூன்களை இரவிலே அனுப்பினார். இருநூறுக்கும் மேற்பட்ட பலூன்களுக்குப் பிறகே, 1902-இல், தன் முடிவை அறிவித்தார். எதிர்பார்த்த எண்ணை மீறிய ஓர் எண்ணை அவர் அழிக்கவில்லை, அப்படியே விழுங்கிவிடவுமில்லை.

இதில் நம்மவர் ஒருவரின் பங்கும் உண்டு. பாலக்காட்டுக் கல்பாத்தியில் 1893-இல் பிறந்த கே. ஆர். இராமநாதன், இந்திய வானிலைத் துறையில் பணியாற்றியபோது, பல நாடுகளின் பலூன் அளவுகளைத் திரட்டி 1929-இல் ஒரு படத்தை வெளியிட்டார். படை மண்டலத்தின் அடியில் மிகக் குளிர்ந்த வளி முனைகளுக்கு மேலே இல்லை, நிலநடுக்கோட்டுக்கு மேலே 17 கிலோமீற்றரளவில் ஒரு வளையமாகக் கிடக்கிறது என்று அது காட்டியது. வெயிலில் வியர்த்துக்கொண்டு கண்டிச் சந்தையில் நிற்கும் நம் தலைக்கு நேர்மேலே, பூச்சியத்துக்குக் கீழே 80 பாகையளவில் குளிர்ந்த வளி இருக்கிறது! வெயில் மிக்க நாட்டின் வானமே மிகக் குளிர்ந்தது என்பதை எந்தப் பொதுப்புத்தி எதிர்பார்த்திருக்கும்?

முனைப்பகுதியின் மாரிகாலம் இதற்கு விலக்கு. மாதக்கணக்கில் சூரியன் எழாத அவ்விருளில் அங்குள்ள படை மண்டலமும் இதேயளவு குளிர்கிறது. அதற்குக் கீழும் செல்கிறது. சுழன்றடிக்கும் பெருங்காற்றொன்று அந்தக் குளிர்ந்த வளியை வேலிபோலச் சூழ்ந்து அடைத்துவைக்கிறது. வெப்பநிலை ஏறத்தாழப் பூச்சியத்துக்குக் கீழ் 78 பாகையை எட்டியதும் அங்கே ஒருவகை முகில்கள் உருவாகின்றன. குளிரூட்டிப் பெட்டிகளிலிருந்தும் தெளிப்பான்களிலிருந்தும் மனிதன் வெளியேற்றிய சேர்வைகளின் குளோரீன், அம்முகில்களின் மேற்பரப்பிலே செயலூக்கம் பெறுகிறது; வசந்தத்தில் சூரியன் திரும்பியதும் ஓசோனைத் தின்கிறது. ஆகவே அங்கே ஒரு பாகை என்பது சிறிய விஷயமன்று. எல்லைக்கு ஒரு பாகை மேலே முகில் இல்லை. ஒரு பாகை கீழே முகில் உண்டு. ஓசோன் எவ்வளவு அழியும் என்று கணிப்பவன் அந்த ஒரு பாகையில் தவறினால், அவனுடைய மற்றெல்லாச் சமன்பாடுகளும் சரியாக இருந்தும் பயனில்லை.

அந்த வெப்பநிலையை எப்படி அறிகிறார்கள்? இரண்டு வழிகள். ஒன்று பலூன். உலகெங்கும் நூற்றுக்கணக்கான நிலையங்களிலிருந்து, நம் நாட்டு நேரப்படி காலை 5.30-க்கும் மாலை 5.30-க்கும் பொருந்துமாறு, வானொலிக் கருவி கட்டிய பலூன்கள் மேலே செல்கின்றன. முனைப்பகுதிகளிலோ நிலையங்கள் மிகச் சில. மற்றையது கணிப்பு மாதிரி. வளிமண்டலத்தைச் சிறுசிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பௌதிக விதிகளைப் பொருத்திக் கணினி கணிக்கிறது. பலூன் ஒரு நேரத்தில் ஓரிடத்தை அறியும். மாதிரி எல்லா நேரத்திலும் எல்லா இடத்தையும் அறிந்ததுபோல் பேசும். நம்மிடையே உள்ள சில மனிதர்களைப் போல.

இரண்டையும் ஒப்பிட்டு மாதிரியைச் சோதிக்கலாமே என்று தோன்றும். இங்கேதான் ஒரு நுட்பமான இடர் இருக்கிறது. மாதிரி தானாக ஓடுவதில்லை. சில மணிநேரத்துக்கு ஒருமுறை பலூன்கள், செய்மதிகள் முதலியவற்றின் அளவுகளை உட்கொண்டு தன்னைத் திருத்திக்கொள்கிறது. ஆகவே ஒரு பலூனின் அளவை மாதிரிக்கு ஊட்டிவிட்டு, பிறகு அதே பலூனுடன் மாதிரியை ஒப்பிட்டு ‘ஆகா, பொருந்துகிறது’ என்பது, விடையைக் கரும்பலகையில் எழுதிவிட்டுப் பரீட்சை வைப்பதற்கு ஒப்பானது. உண்மையான சோதனைக்கு, விடை சொல்லிக்கொடுக்கப்படாத ஒரு சாட்சி வேண்டும்.

அத்தகைய சாட்சிகளை 2005-ஆம் ஆண்டில் பிரெஞ்சு விஞ்ஞானிகள் அனுப்பினர். அந்தாட்டிக்காவின் மக்மெர்டோ நிலையத்திலிருந்து 27 பலூன்கள் எழுந்தன. இவை வெடிக்கும்வரை ஏறிக்கொண்டே போகும் சாதாரண ரப்பர்ப் பலூன்களல்ல. ஒரே உயரத்தில் வாரக்கணக்கில் மிதந்து, முனைச்சுழலுடன் கண்டத்தைச் சுற்றிச்சுற்றி வரும் மூடிய பலூன்கள். அவற்றின் அளவுகள் மாதிரிகளுக்கு ஊட்டப்படவில்லை. பின்னர் ஒப்பிட்டபோது, உலகெங்கும் ஆய்வாளர்கள் நம்பிப் பயன்படுத்திவந்த அமெரிக்கத் தரவுத்தொகுதி ஒன்று, பலூன் கண்டதைவிடச் சராசரியாக ஒரு பாகைக்கும் மேலாக வெப்பமாக இருந்தது; ஐரோப்பிய நிலையத்தினுடையது சற்றே குளிராக இருந்தது. இரண்டு கணிப்புகளும் ஒரே பௌதிக விதிகளின் பிள்ளைகள்தாம். ஆயினும் ஒன்று இப்பக்கமும் மற்றது அப்பக்கமுமாகச் சாய்ந்து நின்றன. இரண்டு மாதிரிகளையும் ஒன்றோடொன்று மட்டும் ஒப்பிட்டுக்கொண்டிருந்தால், எது எங்கே நிற்கிறதென்று எவருக்கும் தெரிந்திருக்காது.

இன்னொரு செய்தியையும் சொல்லவேண்டும். மிகக் கடுங்குளிரில் சாதாரண ரப்பர்ப் பலூன் விறைத்து, உரிய உயரத்தை எட்டுமுன்னரே வெடித்துவிடுவது முனைப்பகுதிகளில் வழமை. அதாவது, எங்கே குளிர் உச்சமோ அங்கேதான் அளவு கிடைக்காமற்போகிறது. கிடைத்த அளவுகளை மட்டும் கூட்டிச் சராசரி கண்டால் அந்த வானம் உள்ளதைவிட இதமானதாகத் தோன்றும். அழிந்த பலூனின் சாட்சியம் கணக்கில் ஏறாது. இதை முதன்முதலில் படித்தபோது எனக்கு வானம் நினைவுக்கு வரவில்லை. எங்கள் வகுப்பின் புள்ளிச் சராசரியே நினைவுக்கு வந்தது. இடைநடுவில் படிப்பை விட்டுக் கொழும்புக் கடைகளுக்குப் போன பிள்ளைகளின் பெயர்கள் அந்தச் சராசரியில் இல்லை. அவர்கள் போகப்போகச் சராசரி ஏறுகிறது. அதைக் காட்டிப் பாராட்டும் பெறுகிறோம்.

இவ்விடத்தில் நம் வாசகர்களுட் பலர், ‘இதில் என்ன சிக்கல்? நடைமுறையே உண்மையின் உரைகல். ஆகவே அளந்ததே வெல்லும்’ என்று சொல்லக்கூடும். நானும் மாணவப் பருவத்தில் பேராதனைப் புல்வெளியிலிருந்து அப்படித்தான் அடித்துப் பேசியவன். ஆனால் அளவும் தவறும். வெயிலில் வைத்த வெப்பமானி வெப்பநிலையை அளப்பதில்லை, தன்னைத்தானே அளக்கிறது. ஒவ்வொரு கருவியும் உலோகத்திலும் கண்ணாடியிலும் உறைந்துபோன ஒரு கோட்பாடுதான். இதை நன்கறிந்தவர் அன்னா மாணி. 1918-இல் பீர்மேட்டில் பிறந்து, இந்திய வானிலைக் கருவிகளின் தரத்தை நிலைநிறுத்தி, அந்நாட்டின் சொந்த ஓசோன் பலூன் கருவியை உருவாக்குவித்த அப்பெண்மணி, பிழையான அளவு அளவில்லாமையை விடத் தீங்கானது என்ற கொள்கையிலே வாழ்நாள் முழுதும் உறுதியாக நின்றார்.

இராமநாதனின் இளமைக்கால நிகழ்ச்சியொன்று இதற்கு எதிர்ப்பக்கத்தைக் காட்டுகிறது. 1923-இல் கல்கத்தாவில், சி. வி. இராமனின் மாணவராக, திரவங்கள் ஒளியைச் சிதறடிப்பதை ஆராய்ந்தபோது, எதிர்பாராத மங்கலான வேற்றொளி ஒன்றைக் கண்டார். திரவத்திலுள்ள மாசுதான் காரணம் என்று கருதப்பட்டது. திரவத்தைத் திரும்பத்திரும்பத் தூய்மையாக்கினார்கள். ஒளி போகவில்லை. மாசு என்று பெயரிடப்பட்ட அந்த மிச்சம்தான் ஐந்தாண்டுகளுக்குப் பின், 1928-இல், இராமன் விளைவு என்று உலகப் புகழ் பெற்றது. நல்லவேளையாக, 1923-இன் குறிப்பேட்டில் யாரும் அழிப்பானை எடுக்கவில்லை.

ஓசோன் ஓட்டையின் வரலாறு இன்னும் சிக்கலானது; அதைப் பலரும் எளிமைப்படுத்தியே சொல்லுகிறார்கள். குளோரீன் ஓசோனை அழிக்கும் என்று முதலிற் சொன்னது அளவையன்று, கணிப்பு. 1974-இல் மொலினா, ரோலண்ட் என்ற இருவர், எவரும் இழப்பை அளந்து காண்பதற்கு முன்பே, வேதியியற் கணக்கால் அதைச் சொன்னார்கள். கணிப்பின் பெருமையை இதைவிட நன்றாக எது காட்டும்? ஆனால் அவர்களுடைய கணிப்பில் இழப்பு மெதுவானது. முனைக்கு மேலே, வசந்தத்தில், சில வாரங்களில் நிகழும் பேரழிவை அக்கணிப்பு காணவில்லை. அதைக் கண்டது ஹாலி விரிகுடாவில் பிரித்தானியர் 1950-களின் பிற்பகுதியிலிருந்து விடாது இயக்கிவந்த, பழைய பாணித் தரைக்கருவி ஒன்று. ஃபார்மன், கார்டினர், ஷாங்ளின் ஆகிய மூவரும் எண்கள் வீழ்வதைக் கண்டு, முதலில் தம் கருவியையே ஐயுற்றார்கள். வேறு கருவி கொண்டும் பார்த்தபின் 1985 மே மாதத்தில் வெளியிட்டார்கள்.

அதேவேளை அமெரிக்கச் செய்மதியொன்று மேலிருந்து அதே வானத்தை அளந்துகொண்டிருந்தது. 180 அலகுக்குக் கீழான எந்த அளவும் ஐயத்துக்குரியது என்று அதன் கணினிக்குச் சொல்லப்பட்டிருந்தது. ஆகவே வீழ்ச்சியைக் காட்டிய எண்கள் ஐயக்குறியுடன் ஒதுங்கிக் கிடந்தன. ‘கணினி உண்மையைக் குப்பையில் எறிந்தது’ என்று மேடையில் முழங்குவது எளிது. நடந்தது அதுவன்று. எண்கள் எறியப்படவில்லை, குறியிட்டு வைக்கப்பட்டிருந்தன. விஞ்ஞானிகள் அவற்றைச் சரிபார்க்க முயன்றபோது, தென்முனையிலிருந்த தரைக்கருவி வழக்கமான உயர்ந்த அளவைக் காட்டியது. அந்த அளவுதான் பிழை என்பது பின்னரே தெரியவந்தது. ஆக, செய்மதியின் உண்மையான அளவை ஐயத்தில் நிறுத்தியது, எதிர்பார்ப்பும் ஒரு பிழையான அளவும் கூட்டாகச் சேர்ந்துதான். குறியிடப்பட்ட எண்கள் அழிக்கப்படாமல் இருந்தமையால், 1985-க்குப் பிறகு அவற்றை மீண்டும் எடுத்து, ஓட்டையின் முழுப் பரப்பையும் வரைந்து காட்ட முடிந்தது. 1987-இல் மொன்றியல் உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று.

ஐயம் வேண்டும், ஆனால் ஐயுற்ற எண் ஏட்டிலே நிற்கவேண்டும் என்று இதிலிருந்து நான் கொள்கிறேன். நிற்பதும் அழிவதும் யார் கையில் இருக்கிறது என்று கேட்கும்போது, இது விஞ்ஞானக் கேள்வியாக மட்டும் இருப்பதில்லை.

எங்கள் மலைகளுக்கு வருகிறேன். ஜேம்ஸ் டெய்லர் 1867-இல் லூல்கந்தூராவில் தேயிலை பயிரிட்டதிலிருந்து, கண்டியைச் சூழ்ந்த தோட்டங்களில் மழைக்கணக்கு எழுதுவது வழக்கமாயிற்று. தொழிற்சாலையின் பக்கத்திலோ துரை பங்களாவின் முற்றத்திலோ மழைமானி இருக்கும். அந்தக் கணக்கு தேயிலைக் கொழுந்துக்காக எழுதப்பட்டது. லயன் காம்பராவின் பின்சுவருக்காக எவரும் மழையை அளக்கவில்லை. இன்று மண்சரிவு எச்சரிக்கைக்கு எல்லைகள் வகுக்கப்பட்டிருக்கின்றன. 24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பு. 100-ஐத் தாண்டினால் எச்சரிக்கை. 150-ஐத் தாண்டினால் வெளியேறவேண்டும். முனைவானத்தின் 78 பாகையைப் போலவே இதுவும் ஓர் எல்லை. சில மில்லிமீற்றர் வேறுபாட்டில் ஒரு குடும்பம் வீட்டில் உறங்குகிறது அல்லது கோவில் மண்டபத்தில் விழித்திருக்கிறது.

ஆனால் அந்த மழை எங்கே அளக்கப்பட்டது? உலக வானிலை மாதிரிகளுட் சிறந்தனவற்றின் கட்டம் ஒன்பது கிலோமீற்றரளவு அகலமானது. கண்டி வாவியிலிருந்து அவ்வளவு தூரத்துக்குள் ஆயிரம் மீற்றருக்கு மேற்பட்ட ஹந்தானை முடிகளும் இருக்கின்றன. மகாவலிப் பள்ளத்தாக்கும் இருக்கிறது. மலையின் ஒரு பக்கம் கொட்டும்போது மறுபக்கம் தூறும். தெல்தோட்டையிலிருந்து வரும் பிள்ளை முழுவதும் நனைந்து வந்து நிற்பாள். கட்டுகஸ்தோட்டையிலிருந்து வந்தவன் குடையையே எடுத்து வந்திருக்கமாட்டான். கட்டத்தின் சராசரி இருவரையும் பாதி நனைத்து வைக்கும். அத்தகைய மனிதர் எவரும் உலகில் இல்லை.

2014 அக்டோபர் 29 காலை, கொஸ்லந்தைக்கு அருகே மீரியாபெத்தையில் மலை இறங்கித் தோட்டத் தொழிலாளரின் லயன்களை மூடியது. அவ்விடம் ஆபத்தானது என்று ஆண்டுகளுக்கு முன்பே ஆராய்ந்து சொல்லியிருந்தார்கள். அங்கே கணிப்புக்கும் அளவுக்கும் முரண்பாடே இருக்கவில்லை; இரண்டும் ஒன்றையே சொல்லின. வெளியேறு என்றால் எங்கே போவது? ஒன்றரை நூற்றாண்டாக உழைத்த மண்ணில் ஒரு பேர்ச் காணிகூடத் தம் பெயரில் இல்லாதவர்களுக்கு, ‘வெளியேறுங்கள்’ என்பது அறிவுரையாகுமா? இந்நிகழ்ச்சியை நினைக்கும்போதெல்லாம், அறிவு பற்றிய நம் விவாதங்கள் யாவும் காணியுள்ளவர்களின் விவாதங்களாகத் தோன்றுவதுண்டு. உண்மையை அறிந்தும் அதன்படி நகர முடியாதவனுக்கு அளவையியலால் என்ன பயன்?

நம் அணியினரும் இதில் குற்றமற்றவர்களல்லர். 1964 அக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 975,000 மலையக மக்களை 525,000 இந்தியாவுக்கு, 300,000 இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பிறகு பார்க்கலாம் என்று பிரித்தபோது, அரசாங்கத்திலே இடதுசாரி அமைச்சர்களும் இருந்தார்கள். வரலாறு எத்திசையிற் செல்கிறது என்ற பெருங்கணிப்பு அவர்களிடம் இருந்தது. அந்தக் கணிப்புக்குள் அடங்காத மனிதர்கள் வகுத்தபின் வரும் மிச்சமாக எழுதப்பட்டார்கள். அம்மக்களிடம் ஒருவரும் கேட்டு அளக்கவில்லை. கோட்பாடு நம்முடையதாக இருக்கும்போதும் அழிப்பான் அழிப்பான்தான்.

2025 நவம்பர் இறுதியில் ‘தித்வா’ புயல் இந்நாட்டில் 600-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. மாவட்டங்களுள் கண்டியே மிக அதிகமாக இழந்தது. அந்த நாட்களில் வீதிகள் அறுந்தன, மின்சாரம் போயிற்று, தொலைபேசிகள் வாயடைத்தன. எங்கே மழை உச்சமோ அங்கிருந்து எந்த எண்ணும் வரவில்லை. விறைத்து வெடித்த பலூனை அப்போதுதான் நான் முழுமையாக விளங்கிக்கொண்டேன். வகுப்புகள் மீண்டும் தொடங்கியபோது வரவு இடாப்பில் சில பெயர்களுக்கு நேரே என்ன அடையாளம் இடுவதென்று தெரியாமல் பேனாவைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

இவ்வாண்டு எங்கள் பாடசாலை முற்றத்தில் பிள்ளைகள் ஒரு மழைமானி வைத்திருக்கிறார்கள். போத்தலும் புனலும் அடிமட்டமும் கொண்டு அவர்களே செய்தது. வகுப்புச் சுவரில் ஓர் அட்டவணை தொங்குகிறது. முதல் நிரலில் கைபேசி முன்னறிவித்த மழை. இரண்டாவதில் மானி காட்டியது. மூன்றாவதில் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு. வேறுபாடு பெரிதாக வரும் நாளில் மானி சரிந்திருந்ததா, இலை அடைத்திருந்ததா என்று முதலில் பார்க்கிறார்கள். பார்த்ததையும் பக்கத்திலே எழுதுகிறார்கள். எண்ணை மாற்றுவதில்லை. பரீட்சைக்கு எந்த நிரல் வரும் என்று ஒருவன் கேட்டான். மூன்றும் வராது என்றேன். அதன்பின் அவனுக்கு ஆர்வம் சற்றுக் குறைந்தது, மறைப்பானேன்?

சென்ற மாதம் ஒருநாள் முன்னறிவிப்பு 12 மில்லிமீற்றர். மானி 41 காட்டியது. அன்று அதைப் படித்து எழுதியவள் கலஹாப் பக்கத்திலிருந்து வரும் மாணவி. மறுநாள் அவள் பகுதிக்குப் பேருந்து வரவில்லை, அவளும் வரவில்லை. மறுநாளுக்குரிய கட்டத்தில் மானியின் எண் இல்லை. முன்னறிவிப்பின் எண்ணையே அங்கும் எழுதிவிடலாமா, சேர், கட்டம் வெறுமையாக இருக்கிறதே என்று அட்டவணைப் பொறுப்பாளன் பேனாவுடன் வந்து நின்றான். வேண்டாம், வெறுமையாகவே விடு, பக்கத்தில் பேருந்து வரவில்லை என்று எழுது என்றேன். அவன் எழுதியது இன்னும் சுவரில் இருக்கிறது.